முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டுக்கு வந்த கருவிகள்: எவை உழைத்தன, எவை இடத்தை அடைத்தன

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர்கள் இப்போது பெரும்பாலும் சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடுகிறார்கள். தையல் பிரிப்பதற்கு முன்பே, வீக்கம் வடிவதற்கு வெகு முன்பே, நோயாளி தன் கட்டிலுக்கு வந்துவிடுகிறார். வார்டில் செவிலியர்களும் உதவியாளர்களும் முறை வைத்துச் செய்த வேலைகள் எல்லாம் அன்றே வீட்டாரின் கைக்கு மாறுகின்றன. டிஸ்சார்ஜ் சீட்டோடு, வாங்க வேண்டிய கருவிகளின் பட்டியலும் சேர்ந்தே வருகிறது. அம்மாவுக்கு வலது முழங்காலில் இந்த அறுவைச் சிகிச்சை நடந்தபோது, பட்டியலில் இருந்தவை, தெரிந்தவர்கள் சொன்னவை, கடைக்காரர் வற்புறுத்தியவை என்று ஓர் அறை நிறையும் அளவுக்குப் பொருட்கள் வந்து சேர்ந்தன. சிலவற்றை விலைக்கு வாங்கினோம், சிலவற்றை வாடகைக்கு எடுத்தோம். அவற்றைப் பற்றிய மதிப்புரை இது.

பிராண்டுகளை ஒப்பிடப் போவதில்லை. இத்தகைய கருவிகளில் ஒட்டியிருக்கும் பெயர் மாறுகிறதே தவிர, அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு பொருளிடமும் நான் கேட்டுக்கொண்ட கேள்விகள் இரண்டுதான். இது வந்த பிறகு அம்மா மற்றவரைக் கூப்பிட வேண்டிய தடவைகள் குறைந்தனவா? வீட்டில் இருப்பவர்கள் தூக்கவும் சுமக்கவும் வேண்டிய பாரம் குறைந்ததா? பெட்டியின் மேல் எத்தனை வசதிகள் அச்சிடப்பட்டிருந்தாலும், இந்த இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்த கருவி எங்கள் வீட்டில் மூலைக்குத்தான் போனது.

முதலில் வாக்கர். இது இல்லாமல் வீட்டுக்குள் அடியெடுத்து வைக்கவே முடியாது என்பதால் இதை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு இடமில்லை. எந்த வகை, எந்த உயரம் என்பதே கேள்வி. மடக்கக்கூடிய அலுமினிய வாக்கரில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்றில் நான்கு கால்களிலும் ரப்பர் அடி இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும். மற்றதில் முன்கால்கள் இரண்டிலும் சிறு சக்கரங்கள் இருக்கும், தள்ளிக்கொண்டே போகலாம். தோள்களில் வலுவில்லாத வயதானவர்களுக்கு இரண்டாவது வகை எளிது. நான்கு சக்கரமும் உட்காரும் பலகையும் கொண்ட ரோலேட்டரைக் கடையில் ஆசையாகக் காட்டுவார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த தொடக்க வாரங்களில் அதன் மேல் பாரம் போட்டால் அது முன்னே ஓடிவிடும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

உயரத்தைச் சரிசெய்யாத வாக்கர் இருந்தும் இல்லாததும் ஒன்றே. நோயாளி வீட்டுக்குள் போடப்போகும் செருப்பை அணிந்து நிமிர்ந்து நின்று, கைகளைத் தளரத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். அப்போது கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை சற்றே மடிந்திருக்கும். ஒவ்வொரு காலிலும் வரிசையாகத் துளைகளும், அவற்றில் பொருந்தும் ஓர் அமுக்குப் பொத்தானும் உண்டு. எங்களுக்கு வந்த வாக்கரில் மூன்று கால்கள் ஒரு துளையிலும் நான்காவது கால் அடுத்த துளையிலும் இருந்தன. அந்த நான்காவதிலும் பொத்தான் முழுதாக வெளியே வராமல் பாதியில் நின்றிருந்தது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. தரையில் வைத்து நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தபோதுதான் ஆடியது. பெட்டியைப் பிரித்தவுடன், 'டிக்' என்ற சத்தத்தோடு எல்லாப் பொத்தான்களும் வெளியே வந்து நிற்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுவது அவசியம். அதேபோல் வாங்குவதற்கு முன் குளியலறைக் கதவின் அகலத்தை அளந்துகொள்ள வேண்டும். கூடத்தில் தாராளமாக நகரும் வாக்கர், அந்தக் கதவில்தான் பக்கவாட்டில் இடித்துக்கொண்டு நிற்கும்.

வாக்கரோடு வந்த விளக்கத்தாளில் எதை முதலில் வைப்பது என்பது இல்லை, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தார். வாக்கர் முதலில், அறுவைச் சிகிச்சை செய்த கால் அடுத்து, நல்ல கால் கடைசியில். நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழக்கூடாது, அது கவிழும். நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்து, நின்ற பிறகே வாக்கரைப் பிடிக்க வேண்டும். துணைக்கு நடப்பவர் அறுவைச் சிகிச்சை செய்த காலின் பக்கத்தில், அரை அடி பின்தள்ளி வர வேண்டும். கையைப் பற்றி முன்னால் இழுத்துச் செல்வதுதான் பாசமுள்ள பிள்ளைகள் எல்லோரும் செய்வது, அதுதான் நோயாளியை நிலைதடுமாற வைப்பதும். படிக்கட்டுக்கு வாக்கர் பயன்படாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது அறுவைச் சிகிச்சை செய்த காலையும் முதலில் வைக்க வேண்டும்.

வந்த பொருட்களில் என் கணக்கில் முதல் மதிப்பெண் கமோடு நாற்காலிக்கு. பட்டியலில் கடைசியில் எழுதப்பட்டிருந்த இந்தப் பொருள்தான் வீட்டில் எல்லோருடைய இரவையும் காப்பாற்றியது. கைப்பிடிகளும் உயரம் மாற்றக்கூடிய கால்களும் கொண்ட இந்த நாற்காலியை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம். வாளியோடு கட்டிலருகே வைத்தால் இரவுக் கழிப்பறை. வாளியைக் கழற்றிவிட்டுக் கழிப்பறைப் பீங்கானின் மேல் நிறுத்தினால் உயர்த்தப்பட்ட இருக்கை. குளியலறையில் போட்டால் உட்கார்ந்து குளிக்கும் நாற்காலி. சாதாரணக் கழிப்பறை இருக்கை தாழ்வானது. அதில் உட்காரவும் எழவும் முழங்கால் நன்றாக மடங்க வேண்டும், தொடையில் வலுவும் வேண்டும். முதல் வாரங்களில் இரண்டும் இருக்காது. இருக்கை, முழங்காலின் பின்மடிப்பைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி கால்களை நீட்டிவைத்தால், அறுவைச் சிகிச்சை செய்த காலை முன்னே நீட்டியபடி, கைப்பிடிகளை ஊன்றிக்கொண்டு யார் துணையும் இல்லாமல் உட்கார முடிகிறது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "இதையெல்லாம் படுக்கையறையில் வைப்பார்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா எதிர்வாதம் எதுவும் செய்யாமல் ஒரு திரைத்துணியை நான்காக மடித்து அதன் மேல் போட்டு, நாற்காலியைச் சுவரோரம் சாய்வாகத் திருப்பிவைத்தார்; பார்வைக்கு அது சாதாரண நாற்காலியாகிவிட்டது. இரவில் அரைத்தூக்கத்தில், வலி மாத்திரையின் மயக்கத்தோடு, விளக்கைத் தேடி, வாக்கரைத் தேடி, நடைவழியைக் கடந்து போவது எவ்வளவு ஆபத்தானது என்பது முதல் இரவிலேயே அம்மாவுக்குப் புரிந்தது. காலையில் யாரும் எழுவதற்கு முன் வாளியைக் கழுவிவைக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதைப் பற்றி வீட்டில் பேச்சும் எழவில்லை. 

வாங்கும்போது கவனிக்க வேண்டியது வாளி எந்தப் பக்கமாக வெளியே வருகிறது என்பதை. இருக்கைப் பலகையைத் தூக்கி மேலிருந்து எடுக்கும் வகையில் சிந்தும் வாய்ப்பு அதிகம். பின்பக்கமாக உருவி எடுக்கும் வகை கழுவுபவருக்கு எளிது. வாளிக்கு மூடி கட்டாயம் வேண்டும். சக்கரம் வைத்த வகையை எடுத்தால் நான்கு சக்கரத்துக்கும் பூட்டு இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அதைப் பூட்ட ஓர் ஆள் வேண்டும். ஆகவே சக்கரம் இல்லாததே மேல். எவ்வளவு எடை தாங்கும் என்பது சட்டத்தில் ஒட்டிய சீட்டில் இருக்கும், அதைப் படித்துவிட்டே வாங்க வேண்டும். கழிப்பறைப் பீங்கானின் மேல் வெறுமனே வைக்கும் பிளாஸ்டிக் உயர்த்தியும் ஒன்று கிடைக்கிறது. திருகிப் பூட்டும் பிடி இல்லாத அந்த வகை, பக்கவாட்டில் பாரம் விழுந்தால் நழுவுகிறது. அதை ஒரே நாளில் ஓரம் கட்டிவிட்டோம்.

அடுத்த இடம் கம்பியில்லா அழைப்பு மணிக்கு. வாசலில் பொருத்துவதற்காக விற்கப்படும் அதே மணிதான்: ஒரு சிறு பொத்தான், மின்சார பிளக்கில் செருகும் ஒரு ஒலிப்பான். பொத்தானை ஒரு நாடாவில் கோத்து அம்மாவின் கழுத்தில் மாட்டினோம். ஒலிப்பானை அன்று இரவு முறைக்காரர் படுக்கும் அறையில் செருகினோம். கைப்பேசியே போதும் என்று அண்ணன் சொன்னான். ஆனால் இருட்டில் கைப்பேசியைத் தேடி, திறந்து, பெயரைத் தேடி அழைப்பதற்கும், மார்பின் மேல் கிடக்கும் பொத்தானை அமுக்குவதற்கும் உள்ள வேறுபாடு வலியில் இருப்பவருக்குத்தான் தெரியும். குளியலறைக் கதவை மூடிக்கொண்டு உள்ளிருந்து அழுத்திப் பார்த்து, ஒலி கேட்கிறதா என்று சோதித்த பிறகே இதை நம்ப வேண்டும். பொத்தானுக்குள் இருக்கும் வட்ட பேட்டரி சிறு குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் குழந்தை இருந்தால் மூடி திருகால் இறுக்கப்பட்ட வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கருவியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா அதை அமுக்கவில்லை! கேட்டால், "நீ அசந்து தூங்கிட்டு இருந்த, எழுப்ப மனசு வரல" என்பார். தாகத்தைப் பொறுத்துக்கொண்டார், கால் மரத்துப்போனதைப் பொறுத்துக்கொண்டார், ஒரு முறை விழுந்த தலையணையைத் தானே குனிந்து எடுக்கப் பார்த்தார். இதற்கு மணியை உரக்க வைப்பதில் பயனில்லை. அண்ணி ஒரு தாளில் ஏழு இரவுகளுக்கும் யார் முறை என்று எழுதி, கட்டிலுக்கு எதிரே அம்மாவின் கண்ணில் படும்படி ஒட்டினார். முறைக்காரருக்கு மறுநாள் மதியம் தூங்க நேரமும் அதிலேயே குறிக்கப்பட்டிருந்தது. தான் எழுப்பப்போவது யாரை, அவர் எப்போது தூங்கி ஈடுகட்டுவார் என்பது தெரிந்த பிறகு அம்மா மணியை அடித்தார். குடும்பம் துணையாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் நோயாளிக்குத் தயக்கம் போகாது. இன்று இரவு இன்னார் என்று பெயர் சொன்னால் போகிறது. அந்தத் தாள் இல்லாமல் இந்த மணிக்கு இவ்வளவு மதிப்பெண் தந்திருக்க மாட்டேன்.

வீக்கத்துக்கு ஜெல் பேக். இரண்டு இருந்தால் ஒன்று உறைந்துகொண்டிருக்கும்போது மற்றொன்றைப் பயன்படுத்தலாம். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், தோலுக்கும் பேக்குக்கும் நடுவில் கட்டாயம் ஒரு துணி. இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் வெட்டுத் தழும்பின் வெளிப்பக்கத் தோல் மரத்திருப்பது வழக்கம். குளிர் சுடுவதை நோயாளி உணராமலேயே போகலாம் என்பதால் நேரத்தைக் கடிகாரம் பார்த்தே கணக்கிட வேண்டும். குளிர்ந்த நீரைக் குழாய் வழியே முழங்கால் உறைக்குள் சுற்றவிடும் இயந்திரம் ஒன்றையும் சில நாட்கள் வாடகைக்கு வைத்திருந்தோம். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பனிக்கட்டி நிரப்புவது, தண்ணீரைக் கொட்டுவது, குழாய் மடங்கினால் நிமிர்த்துவது, தரையில் சிந்தியதைத் துடைப்பது என்று அதற்கே தனியாக ஓர் ஆள் தேவைப்பட்டது. ஈரத்தரையும் வாக்கரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டோம்.

அதைவிடத் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லக்கூடியது, காலைக் கட்டிவைத்துத் தானாக மடக்கி நீட்டும் சிபிஎம் இயந்திரம். மூட்டை ஓயாமல் அசைத்துக்கொண்டிருந்தால் குருத்தெலும்பு நன்றாக ஆறும் என்ற கருத்தை 1970களில் முன்வைத்தவர் கனடாவின் எலும்பு மருத்துவர் ராபர்ட் சால்ட்டர். அது முழங்கால் மாற்றுக்கும் பரவியது. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட மதிப்பாய்வு, முழங்கால் மாற்றுக்குப் பின் இந்த இயந்திரத்தால் மடக்கும் அளவில் கிடைக்கும் கூடுதல் சராசரியாக 2 பாகை அளவுதான், நடைமுறையில் பொருட்படுத்தத்தக்க பலன் இல்லை என்றே கண்டது. வாடகைக் கடைகளில் மட்டும் அதன் மவுசு குறையவில்லை. பாதி கட்டிலை அடைத்துக்கொள்ளும் அந்தப் பெட்டியை ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் பிசியோதெரபிஸ்ட் கேட்டதோ ஒரு சுருட்டிய துண்டு மட்டுமே. அதைக் குதிகாலின் கீழ் வைத்து, முழங்காலின் பின்புறத்தைக் கட்டிலோடு அழுத்தச் சொன்னார்; பிறகு குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடியே மடக்கச் சொன்னார்.

துண்டு குதிகாலின் கீழ்தான், முழங்காலின் கீழ் அல்ல. இதைச் சொல்லக் காரணம், முழங்காலுக்குக் கீழே வைக்கும் வளைந்த நுரைத் தலையணைகளை இதே நோயாளிகளுக்கு என்று பெயர் போட்டே விற்கிறார்கள். வைத்தால் உடனே இதமாக இருக்கும். ஆனால் மடிந்த நிலையிலேயே மூட்டு இறுகி, கால் முழுதாக நீளாமல் போகும் அபாயம் உண்டு. அதை மறுத்தது நல்லதாயிற்று.

இறுக்கக் காலுறையை மருத்துவர் சொன்னால் மட்டுமே வாங்க வேண்டும். காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது கெடுதல். கணுக்காலையும் கெண்டைக்காலையும் நாடா வைத்து அளந்து அளவு தேர்ந்தெடுக்க வேண்டும். மாட்டிவிடுவது கைவலிக்கும் வேலை. மேல்விளிம்பு சுருண்டால் அதுவே கயிறுபோல் இறுக்கும் என்பதால் அவ்வப்போது பார்த்து நீவிவிட வேண்டும், தினமும் ஒரு முறை கழற்றிக் குதிகால் தோலைப் பார்க்க வேண்டும். காலுறை போட்டிருப்பதால் ரத்தக்கட்டு வராது என்று இருந்துவிட முடியாது. கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம், சூடு தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மூன்று பந்து கொண்ட மூச்சுப்பயிற்சிக் கருவியைப் பலரும் தவறாக ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கானது அல்ல, உறிஞ்சுவதற்கானது. பந்துகளின் அருகே எழுதியிருக்கும் 600, 900, 1200 என்பவை நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்று உள்ளே போகிறது என்பதைக் குறிப்பவை. மூன்றையும் சட்டென்று துள்ளவைப்பதைவிட, ஒன்றையோ இரண்டையோ மேலேயே சில நொடி நிறுத்திவைப்பதுதான் நுரையீரலின் அடிப்பகுதிக்கு நல்லது. அண்ணன் மகன் அம்மாவின் எதிரே உட்கார்ந்து எண்ணிக்கை சொல்வான்; அந்தப் போட்டியில்தான் பயிற்சி ஒழுங்காக நடந்தது. கருவியை அவன் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் எங்கள் வேலையாக இருந்தது.

மருந்துக்கு, ஏழு நாள் நான்கு வேளை எனக் கட்டம் பிரித்த மாத்திரைப் பெட்டி நன்று. ஆனால் ஆட்கள் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் அதைவிட ஒரு கோட்டு நோட்டுப் புத்தகம் மேலானது. வேளைக்கு வேளை விழுங்கும் மாத்திரை பெட்டியில் தெரியும். வலித்தால் மட்டும் போடும் மாத்திரை தெரியாது. அந்த வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கென்று ஒருவர் தனியாகப் பாராசிட்டமால் கொடுத்தால் கணக்கு இரட்டிப்பாகும். பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச அளவு, வயதையும் கல்லீரலையும் பார்த்து மருத்துவர் அதையும் குறைப்பதுண்டு. எனவே கொடுத்தவர் நேரத்தையும் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். வெப்பநிலையும் அதே பக்கத்தில் வந்தது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ யாரை அழைப்பது என்ற எண் அட்டையில் ஒட்டப்பட்டிருந்தது.

மின்விசையால் உயரும் மருத்துவமனைக் கட்டில் இந்த அறுவைச் சிகிச்சைக்குத் தேவைப்படவில்லை. பக்கக் கம்பிகள் எழுவதற்கு இடைஞ்சலாகவே இருந்தன. ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதியும் உயரத்தில் ஒரு சாதாரணக் கட்டிலும், கைப்பிடியுள்ள ஓர் உறுதியான நாற்காலியும் போதும்.

வீட்டுக்கு வந்த சேவைகளில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகல் நேரத்துக்கு ஓர் உதவியாளரை அனுப்பிய முகவர் நிறுவனத்துக்கு என்னால் பாதி மதிப்பெண்தான் தர முடியும். வந்த பெண்கள் நல்லவர்கள். காயத்தில் தண்ணீர் படாமல் குளிக்க வைப்பதில் எங்களைவிடத் திறமைசாலிகள். ஆனால் நிறுவனம் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் எந்தக் கால், வாக்கர் எப்படி, மணி எங்கே என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, அம்மாவும் ஒவ்வொரு முறையும் புதியவர் முன் கூச வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் 'ஒரே நபர்' என்று எழுதித் தரும் நிறுவனமாகத் தேடுவதே சரி.

பிசியோதெரபிஸ்டுக்கு முழு மதிப்பெண். வந்தவுடன் காலைப் பிடித்து மடக்கத் தொடங்காமல், முதல் நாள் எங்கள் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்து, யார் எந்த நேரத்துப் பயிற்சியைப் பார்த்துக்கொள்வது என்று கேட்டுப் பெயர் குறித்துக்கொண்டார். இரண்டு கைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் கோணமானியை முழங்காலின் பக்கத்தில் வைத்து அளந்து, "இன்று 70, நமக்கு முதலில் 90 வேண்டும்" என்று எண்ணை அம்மாவிடமே சொன்னார், எங்களிடம் அல்ல. வலிக்கிறது என்று அம்மா சொன்னபோது நாங்கள்தான் "போதும் விடுங்கள்" என்று பதறினோம். மாத்திரை போட்டு அரை மணியோ முக்கால் மணியோ கழித்துப் பயிற்சியை வைத்துக்கொள்ளும்படி நேரத்தை மாற்றினாரே தவிர, பயிற்சியைக் குறைக்கவில்லை. வீட்டாரைப் பயிற்றுவிக்காமல் தானே செய்துவிட்டுப் போகும் பிசியோதெரபிஸ்ட் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், மீதி நேரமெல்லாம் அந்த முழங்கால் சும்மாதான் இருக்கும்.

வாடகையா விலையா என்று கேட்பவர்களுக்கு: வாக்கரும் கமோடு நாற்காலியும் வாடகைக்குக் கிடைத்தால் எடுக்கலாம், இரண்டாவது முழங்காலுக்கும் அறுவைச் சிகிச்சை வரக்கூடும் என்றால் வாங்கிவிடலாம். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறச் சில வாரங்கள் ஆகும். அதை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொன்ன பிறகே மாற்ற வேண்டும். கைத்தடியை அறுவைச் சிகிச்சை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் கடையிலேயே நின்று பழகிப் பார்த்துவிட்டு, அந்தக் கைக்குப் பொருந்தும் பிடியாக வாங்குங்கள். வலக்கைக்கு என்றே வடித்த பிடிகளும் விற்பனையில் உள்ளன. வலது முழங்காலுக்கு அவை உதவாது.